வாக்குச்சீட்டும் லாக்புக்கும்



நம் மலேசியத் தொலைக்காட்சித் தமிழ் நாடகங்களில் கல்லூரி மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். காதலிக்கிறார்கள். கோபித்துக்கொள்கிறார்கள். கண்டீனில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். கதை தொய்வடைந்தால் யாராவது ஒருவர் விபத்தில் சிக்குகிறார். இவையெல்லாம் வாழ்க்கையில் நடப்பவைதாம். ஆனால் கிள்ளானிலிருந்து படிக்கப்போகும் பிள்ளைக்கு இருபதிலிருந்து இருபத்து மூன்று வயதுக்குள் இன்னும் இரண்டு பெரிய காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, வளாகத் தேர்தல். மாணவர் வாயில் அதன் பெயர் 'பிஆர்கே'. மற்றொன்று, பட்டம் வாங்குவதற்கு முன் ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ சில மாதம் வேலை பழகும் தொழிற்பயிற்சி. அதை 'இண்டர்ன்' என்றோ 'பிராக்டிகல்' என்றோ சொல்கிறோம். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் ஒரே பிள்ளையின் தலையில் விழும்போது என்ன ஆகிறது என்பதை முழுதாகச் சொன்ன தமிழ்த் தொடர் ஒன்றை நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு தொடர் நமக்கு வேண்டும் என்று வாதாடவே இங்கு நிற்கிறேன்.

இந்த வாதத்தைக் கிள்ளானில் வைப்பது பொருத்தம். கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று ஊர்கள் வரும். ஒவ்வொரு நிலையத்திலும் ஏதாவது ஒரு கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் பிள்ளைகள் இறங்குவார்கள். பந்தாய் டாலாம் தாண்டினால் அங்காசாபுரி, அதாவது ஆர்டிஎம் இருக்கும் இடம். நம் வீடுகளில் பல ஆண்டுகளாகத் தமிழ் நாடகமும் தமிழ்ச் செய்தியும் வந்தது அங்கிருந்துதான். அடுத்து அப்துல்லா ஹுக்கும். அங்கே எல்ஆர்டிக்கு மாறினால் மலாயாப் பல்கலைக்கழகம் பக்கம். மாறாமல் போனால் கேஎல் சென்ட்ரல், பிரிக்பீல்ட்ஸ், அங்கிருந்து நகரத்து அலுவலகங்கள். படிப்பு, தொலைக்காட்சி, முதல் வேலை மூன்றும் ஒரே தண்டவாளத்தில் வரிசையாக இருக்கின்றன. இதே வழித்தடம்தான் 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை முதலில் போடப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காக. இன்று அதில் காலை ஆறு மணிக்கு நின்றுகொண்டு போகிறவர்களில் ஹைலண்ட்ஸ் தோட்டத்திலும் புக்கிட் ராஜா தோட்டத்திலும் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறவர்கள் அவர்களில் பலர். வீட்டில் யாரிடம் கேட்பது? அம்மாவுக்கு 'மனு' தெரியும், 'மேனிஃபெஸ்டோ' தெரியாது. அப்பாவுக்குத் துறைமுக லாரி ஓட்டத் தெரியும், ரெசுமே எழுதத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டியாக இருக்கக்கூடிய ஒரே பெரியவர் சில வீடுகளில் வரவேற்பறைத் தொலைக்காட்சிதான். அது எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை நான் பெரிய விஷயமாகவே கருதுகிறேன்.

முதலில் தேர்தல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் மாணவர் அரசியல் நேற்று வந்த ஆசை என்று நினைக்கும் பெற்றோர் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

1954 மே மாதம். மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே சோசலிஸ்ட் கழகத்து மாணவர்கள் 'ஃபஜார்' என்று ஓர் இதழ் நடத்தினார்கள். அதில் வந்த ஒரு தலையங்கத்துக்காக எட்டு மாணவர்களை அரச நிந்தனைக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி என்று நம் காதுக்குப் பழகிய பெயர்கள் அந்த எட்டில் உண்டு. அவர்களுக்காக வாதாட இங்கிலாந்திலிருந்து டி.என். பிரிட் வந்தார். அவருக்குத் துணையாக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. ஆகஸ்டு மாதம் எட்டுப் பேரும் விடுதலையானார்கள். மருத்துவம் படித்த ராஜகுமார் பின்னாளில் கோலாலம்பூரில் மக்கள் மருத்துவராகவும் தொழிலாளர் கட்சித் தலைவர்களில் ஒருவராகவும் வாழ்ந்தார்.

அதே பத்தாண்டில் இன்னொன்றும் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். உழைத்துப் பிழைக்கும் சாதாரண மக்கள் தங்கள் கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. தம் பிள்ளை உள்ளே போவானா என்று தெரியாத மனிதர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று ஒரு தமிழ்ப் பிள்ளை வாக்குக் கேட்டு நிற்பதற்கு அவர்களும் காரணம்.

பிறகு பூட்டு விழுந்தது. 1969 இனக்கலவரத்துக்குப் பின் 1971-இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 'ஆக்கு' என்று மாணவர்கள் சுருக்கிச் சொல்வது அதைத்தான். 1974 டிசம்பரில் பாலிங் வட்டாரத்து ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் வறுமைக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்தப் போராட்டத்தை ஒட்டி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்ட இளைஞர் தலைவர்தான் இன்றைய பிரதமர் அன்வார் இப்ராஹிம். அடுத்த ஆண்டே சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. மாணவர் கட்சியில் சேரக்கூடாது, கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ காட்டக்கூடாது. ஒரு தலைமுறைக்கு மேல் நம் வீடுகளில் "போனோமா படித்தோமா வந்தோமா என்று இரு" என்ற புத்திமதி ஒலித்ததற்கு இந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம். பெற்றோரின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். உபகாரச் சம்பளம் போய்விடும், இடம் போய்விடும் என்ற பயம் வெறும் கற்பனையாக இருக்கவில்லை.

பூட்டைத் திறந்ததும் மாணவர்கள்தாம். 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல். மஇகாவின் ப. கமலநாதன் நின்று வென்ற அந்தத் தேர்தல் இங்கிருக்கும் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பிரச்சாரக் காலத்தில் தொகுதிக்குப் போன தேசியப் பல்கலைக்கழகத்து அரசியல் துறை மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், மூவரில் இருவர் தீர்ப்பாக, அந்தச் சட்டப்பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று வென்றார்கள். நீதிபதி ஹிஷாமுடின் யூனுஸ் தம் தீர்ப்பில், பல்கலைக்கழகம் சிந்தனையாளர்களும் சீர்திருத்தக்காரர்களும் வளரவேண்டிய இடம், இயந்திர மனிதர்களைப் பழக்கும் இடமல்ல என்ற கருத்தை எழுதினார். 2012-இல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றும், 2018 டிசம்பரில் வளாகத்துக்குள்ளேயே அரசியல் நடவடிக்கையில் ஈடுபடலாம் என்றும் சட்டம் திருத்தப்பட்டது. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைத்தது. அதற்காக ஓயாமல் அலைந்த 'உண்டி18' இயக்கத்தை இணைந்து தொடங்கியவர்களில் ஒருவர் தர்மா பிள்ளை. 2022 நவம்பரில்தான் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு பொதுத்தேர்தலில் முதன்முதலாக வரிசையில் நின்றார்கள்.

இவற்றுக்கு நடுவே நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். 2012 டிசம்பரில் வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் அரசியலும் பற்றி ஒரு கருத்தரங்கு. பார்வையாளர் பகுதியில் ஒரு மாணவி எழுந்து, மற்ற நாடுகளில் முடிகிற இலவசக் கல்வி இங்கே ஏன் முடியாது என்று கேட்டார். அவர் பேர் கே.எஸ். பவானி. மேடையில் இருந்த பெண்மணி இறங்கி வந்து அவர் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, நான் சொல்வதைக் கேள், கேள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் கைதட்டியது. அந்தக் காணொளி அடுத்த மாதம் நாடு முழுவதும் பரவியது. ஒலிவாங்கியைப் பறித்தவரின் சொற்கள் பாட்டாகவும் கேலிச்சித்திரமாகவும் மாறின. பவானி அதோடு நின்றுவிடவில்லை. சோசலிஸ்ட் கட்சியில் உழைத்தார். 2025 ஏப்ரலில் பேராக் ஆயர் கூனிங் இடைத்தேர்தலில் வேட்பாளராக நின்றார். வெற்றி கிட்டவில்லை. கேள்வி கேட்ட மாணவி பன்னிரண்டு ஆண்டு கழித்து வாக்குச்சீட்டில் தன் பெயரோடு நிற்பதை நாம் செய்தியாகப் பார்த்தோம், நாடகமாகப் பார்த்தோமா? கற்பனை செய்யவே தேவையில்லாத கதை அது. மேடை, ஒலிவாங்கி, கைதட்டும் கூட்டம், நடுவே தனியாக நிற்கும் பெண். எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கும் இதைவிட நல்ல முதல் காட்சி அமையாது.

வளாகத் தேர்தல் இத்தனை வீரமாக எப்போதும் இருப்பதில்லை என்பதும் உண்மை. பெரும்பாலும் அது சிறிய வேலைகளின் குவியல். மனுத்தாக்கல், முன்மொழிபவர், வழிமொழிபவர், சுவரொட்டிக்கு அனுமதி, விடுதி விடுதியாகப் போய்ப் பேசுவது. கடைசி நாளில் தொண்டை கட்டிவிடும். பொது இருக்கைக்கு நிற்பதா, துறை இருக்கைக்கு நிற்பதா என்ற கணக்கு ஒரு பக்கம். பெரிய அணிகள் தங்கள் பட்டியலில் ஓர் இந்திய மாணவர் இருக்கவேண்டும் என்று தேடி வரும்போது போய்ச் சேர்வதா, தனித்து நிற்பதா என்ற கேள்வி இன்னொரு பக்கம். தமிழ்ப் பேரவையில் ஒன்றாகப் பட்டிமன்றம் நடத்திய இரண்டு நண்பர்கள் எதிரெதிர் அணியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் காதல் முக்கோணத்தில் இருப்பதைவிடக் கூடுதலான நாடகம் உண்டு. இனத்துக்காக ஓட்டா, கொள்கைக்காக ஓட்டா, நண்பனுக்காக ஓட்டா என்று ஒரு விடுதி அறையில் நான்கு பேர் இரவெல்லாம் பேசுவதை எந்தச் செயற்கை வசனமும் இல்லாமல் ஓர் அங்கம் முழுக்க எடுக்கலாம்.

இனி வேலைப் பயிற்சி. தேர்தலுக்கு வரலாறு இருக்கிறது, வழக்கு இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. பயிற்சிக்கு இவை எதுவும் இல்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சத்தமில்லாமல் கடந்து போகும் வாசல் அது. அதனாலேயே நாடகம் அதைக் கவனிக்கவேண்டும் என்கிறேன்.

இடம் தேடும் படலத்திலிருந்தே தொடங்குங்கள். வகுப்பில் சிலருக்கு மாமாவின் நண்பர், அப்பாவின் கிளப் நண்பர் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் கிடைத்துவிடும். கிள்ளானின் தாமான் செந்தோசாவில் இருந்து வரும் பிள்ளை நாற்பது நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்கும். திறமை ஒன்றாக இருந்தாலும் தெரிந்த மனிதர்கள் ஒன்றாக இல்லை என்பதை அந்தப் பிள்ளை முதன்முதலில் தெரிந்துகொள்ளும் வாரம் அது. இடம் கிடைத்த பிறகு பணம். குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. பயிற்சி மாணவர் பெரும்பாலும் ஊழியராகக் கணக்கில் வருவதில்லை. அலவன்ஸ் என்று சில நூறு வெள்ளி கொடுப்பவர்கள் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. பயிற்சி மாணவருக்கு அலவன்ஸ் கொடுத்து முறையாகப் பழக்கும் நிறுவனத்துக்கு அரசாங்கம் இரட்டை வரிக் கழிவு கொடுத்து ஊக்குவித்திருக்கிறது. எல்லா நிறுவனமும் அந்த வழிக்கு வருவதில்லை. கேஎல்லில் அறை எடுக்கக் காசு போதாமல் கிள்ளானிலிருந்தே தினமும் போய்வரும் பிள்ளைக்கு ரயிலில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடுகிறது. பிடிபிடிஎன் கல்விக் கடன் கையில் இருக்கும், ஆனால் அது பின்னால் திருப்பிக் கட்டவேண்டிய பணம் என்ற நினைப்பும் கூடவே இருக்கும்.

உள்ளே நுழைந்தால் மொழி. வீட்டில் தமிழ், வளாகத்தில் மலாய், அலுவலகக் கூட்டத்தில் ஆங்கிலம், மதிய உணவு மேசையில் சக ஊழியர்கள் பேசும் மாண்டரின். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கிய பெண் அந்த மேசையில் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுவாள். அவளுக்குப் பேசத் தெரியாது என்று அங்கிருப்பவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். வேலை என்று கொடுப்பது ஃபோட்டோஸ்டேட், கோப்பு அடுக்கல், ஒரு எக்செல் தாள். மாலையில் லாக்புக் எழுதவேண்டும். இன்று என்ன கற்றேன் என்று தேதி போட்டு எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். முடிவில் அவர் ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார். அதற்கு மதிப்பெண் உண்டு.

இதில் என்ன நாடகம் என்று கேட்பவர்களுக்குக் கொரியாவைக் காட்டுகிறேன். 'மிசேங்' என்ற தொடர் 2014-இல் டிவிஎன் அலைவரிசையில் வந்தது. யூன் தே ஹோ வரைந்த இணையச் சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. பாதுக் என்ற பலகை விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரனாக முயன்று தோற்ற ஓர் இளைஞன், உயர்நிலைப் பள்ளிக்கு நிகரான சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய வணிக நிறுவனத்தில் பயிற்சியாளனாக நுழைகிறான். கோப்புகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே அதில் ஒரு நெருக்கடியாகிறது. கொரியாவில் அந்தத் தொடர் ஒப்பந்த ஊழியர்களைப் பற்றிய பேச்சையே மாற்றியது. நம் வீட்டுப் பிள்ளைகள் கொரியத் தொடர்களை உட்கார்ந்து பார்க்கிறார்கள். சியோலில் ஒருவன் ஃபோட்டோஸ்டேட் இயந்திரத்தின் முன் அவமானப்படுவதைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். ஷா ஆலாமில் தங்களுக்கே நடந்த அதே காரியம் கதையாகும் தகுதி உள்ளது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

இப்போது இரண்டையும் சேர்த்து வையுங்கள். என் வாதத்தின் மையம் இதுதான். வளாகத் தேர்தல் ஒரு பிள்ளைக்குக் குரலை உயர்த்தக் கற்றுக்கொடுக்கிறது. எழுந்து நில், கேள், வாக்குறுதி கொடு, அதற்குப் பதில் சொல் என்கிறது. தொழிற்பயிற்சி அதே பிள்ளைக்கு, பெரும்பாலும், குரலை விழுங்கக் கற்றுக்கொடுக்கிறது. சரி சார், ஓகே மேடம், செய்துவிடுகிறேன். சில மாத இடைவெளியில் நேர் எதிரான இரண்டு பாடங்கள். எது நிலைக்கும்?

ஒரு காட்சி சொல்கிறேன். மாணவர் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண். பேருந்து வசதியில் நிர்வாகம் சொல்லும் கணக்கு பொய் என்று மேடையில் ஆதாரத்தோடு நிரூபித்து வென்றவள். இப்போது பயிற்சியில் இருக்கிறாள். மூன்று வாரமாக அவளுக்குத் தேநீர் வாங்கிவருவதும் பார்சல் எடுத்துவருவதும்தான் வேலை. லாக்புக்கில் அப்படியே எழுதுகிறாள். மேற்பார்வையாளர் படித்துவிட்டு அன்பாகத்தான் சொல்கிறார்: "இப்படி எழுதினால் உனக்கும் நல்லதில்லை, எங்களுக்கும் நல்லதில்லை. தரவு ஆய்வு செய்தேன் என்று போடும்மா. நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்." அன்று இரவு வளாகத்திலிருந்து அவள் அணித் தோழன் அழைக்கிறான், பேரவைக் கூட்ட அறிக்கை நாளை காலைக்குள் வேண்டும். ஒரு கையில் உண்மையைக் கேட்கும் அறிக்கை, மறு கையில் பொய்யைக் கேட்கும் லாக்புக். வீட்டில் அம்மா, "எழுதிக் கொடுத்துட்டு வாயேன் கண்ணு, அப்பா கஷ்டம் தெரியாதா" என்கிறாள். வில்லன் யாருமில்லை. மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை, அம்மா கோழை இல்லை. இப்படிப்பட்ட நெருக்கடிக்கு நம் நாடகம் ஏன் பயப்படவேண்டும்?

குரலை விழுங்குவது நம் பரம்பரைப் பழக்கம் என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. கிள்ளானில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லவே கூடாது. 1941-இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'தமிழ் நேசன்' துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பது இருந்தது. இன்னொன்றும் இருந்தது. துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும். கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதினார்கள், சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமையை. மே மாதம் நாதனைக் கைது செய்து பின்னர் நாடு கடத்தினார்கள். படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பள்ளிக்கூடமே சரியாகப் பார்க்காத அந்த மனிதர்கள், வேலை செய்யும் இடத்தில் மானமும் ஒரு கோரிக்கைதான் என்று கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேத்தி லாக்புக்கின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கதை அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டாமா? நம் பாடப்புத்தகம் சொல்லாததை நாடகம் சொல்லலாம். பாட்டி வாயால் ஒரு வரி போதும்.

தமிழ்நாட்டுத் தொடர்களையே அப்படியே பார்த்து எடுத்தால் நான் கேட்கும் தொடர் வராது. விஜய் தொலைக்காட்சியின் 'கனா காணும் காலங்கள்' 2006 முதல் நம் பிள்ளைகளையும் கட்டிப்போட்டது. அதன் நட்பும் சிரிப்பும் எனக்கும் பிடிக்கும். மணிரத்னத்தின் 'ஆய்த எழுத்து' படம் 2004-இல் மாணவர்கள் சட்டமன்றத் தேர்தலுக்கே நிற்பதைக் காட்டியது. அந்தக் கல்லூரி வேறு, அந்த அரசியல் வேறு. அங்கே மாணவர் தலைவன் பாலத்தின் மேல் சுடப்படுகிறான். இங்கே மாணவர் தலைவிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வருகிறது. கடிதத்தின் பயம் துப்பாக்கியின் பயத்தைவிடச் சிறியது என்று நினைக்கும் எழுத்தாளர் நம் வாழ்க்கையை எழுதமுடியாது. அசல் இங்கேயே முளைக்கும் என்பதற்கு 'ஜகாட்' சாட்சி. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அந்தப் படம் 2015-இல் வந்தது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடிசைக்கு வந்த குடும்பங்களை, அவர்கள் பேசும் தமிழிலேயே காட்டியது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. தேசிய மொழியில் இல்லாத படத்துக்குத் தனி வரிசைதான் என்ற ஏற்பாட்டின் மீது அந்த ஆண்டு எழுந்த பெரிய சர்ச்சைக்குப் பின் கிடைத்த விருது அது. 'ஜகாட்' காட்டிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை இன்று வளாகத்தில் இருக்கிறது. கதை அங்கிருந்து தொடரவேண்டும்.

சிறுபான்மைச் சமூகத்தின் கல்லூரி வாழ்க்கை தொலைக்காட்சியில் எடுபடுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1987 முதல் 1993 வரை 'எ டிஃபரண்ட் வேர்ல்ட்' என்ற தொடர் ஹில்மன் என்ற கற்பனைக் கறுப்பினக் கல்லூரியில் நடந்தது. முதல் ஆண்டில் அது சாதாரண நகைச்சுவைத் தொடராகத்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டில் தயாரிப்புப் பொறுப்புக்கு டெபி ஆலன் வந்தார். அவரே ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தொடர் மாறியது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு தொடர்புள்ள நிறுவனத்தின் உபகாரச் சம்பளத்தை வாங்குவதா வேண்டாமா என்று ஓர் அங்கம், 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் பற்றி இரண்டு அங்கம். சிரிக்கவும் வைத்தார்கள். தெரிந்தவர் கையில் கொடுத்தபோது அந்தத் தொடருக்கு உயிர் வந்தது. நம்மிடம் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை பல ஆண்டுகளாகச் சிறுகதைப் போட்டி நடத்தி 'பேரவைக் கதைகள்' என்று நூல் வெளியிட்டு வருகிறது. அதில் எழுதும் மாணவர்களில் எத்தனை பேரைத் தொலைக்காட்சி தேடிப் போய் அழைத்தது?

எழுத நினைப்பவர்களுக்கு என் கருத்து ஒன்று. நாயகியைத் தேர்தலில் வெல்லவைத்து, பயிற்சி முடிவில் அதே நிறுவனத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்துக் கைதட்டல் வாங்காதீர்கள். அவள் தோற்கட்டும், அல்லது வென்றும் பேருந்து வராமல் போகட்டும். லாக்புக்கில் உண்மை எழுதினால் மதிப்பெண் குறையட்டும். பொய் எழுதினால் அதை அவள் தோழியிடம் மறைக்கட்டும். கொமுட்டர் தாமதமாக வரட்டும், நேர்காணலுக்கு அவள் வியர்த்துப்போய் ஓடட்டும். மூன்று மொழியும் கலந்தே பேசட்டும். நடிகையைச் சென்னைத் தமிழுக்குத் திருத்தாதீர்கள். கீழே எழுத்து ஓடினால் போதும். அப்பாவை உபதேசம் செய்யவிடாதீர்கள். லாரியை நிறுத்திவிட்டு அவர் மகளின் சுவரொட்டியைக் கைப்பேசியில் நண்பர்களுக்குக் காட்டட்டும். அதில் எழுதியிருக்கும் மலாய் முழுதும் அவருக்குப் புரியட்டும். நம் நாடகங்களில் தொழிலாளி அப்பாவை ஒன்றும் தெரியாதவராகக் காட்டுவது எனக்கு நெடுநாளாக வலிக்கிறது.

கடைசியாகத் தொலைக்காட்சித் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். ஊடகக் கல்வி படிக்கும் நம் பிள்ளைகள் பயிற்சிக்கு வரும் இடங்களில் உங்கள் படப்பிடிப்புத் தளமும் ஒன்று. காலை முதல் நள்ளிரவு வரை விளக்குத் தூக்குகிறார்கள், வசனத் தாள் பிரதி எடுக்கிறார்கள், நடிகருக்குச் சாப்பாடு வாங்கிவருகிறார்கள். ஒலிபரப்பாகும்போது நன்றிப் பட்டியலில் பல நேரம் அவர்கள் பெயர் இருப்பதில்லை. இந்தத் தொடரை எடுக்க யாராவது முன்வந்தால், முதல் நாள் படப்பிடிப்புக்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். தளத்தில் இருக்கும் பயிற்சி மாணவர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தமும் மாத அலவன்ஸும் கொடுங்கள். கடைசி ரயில் போனபின் அனுப்பினால் வீடுவரை வண்டி ஏற்பாடு செய்யுங்கள். அவர்களில் இருவரைத் திரைக்கதை அறைக்குள் அழைத்து உட்காரவைத்து, தாங்கள் லாக்புக்கில் எழுதாமல் விட்டது என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பெயரை எழுத்தாளர் வரிசையிலேயே போடுங்கள். பின்வரிசையில் இருக்கும் மாணவர்கள் இப்போது கேள்வி கேட்கலாம். ஒலிவாங்கியை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை யாரும் திரும்ப வாங்கவேண்டாம்.